அம்பாசிடர் பிளக் வயரில் எண்ணெய்ப் பிசுக்கு: எதை வைத்துத் துடைப்பது?

காவிரிக்கரை மார்க்4

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1986 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி எஞ்சின். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஊர் திருவையாறு பக்கம். வாரத்தில் ஓரிரு நாள் தஞ்சாவூர் வரை போய் வருவேன்.

அறுவடைச் சமயத்தில் எங்கள் பக்கம் ரோட்டிலேயே நெல்லைக் காயவைத்துத் தூற்றுவார்கள். பதரும் தூசியும் பானெட்டுக்குள் போய்விடுகிறது. எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரில் கசியும் எண்ணெயோடு அது சேர்ந்து, நான்கு பிளக் வயரும், பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலிலிருந்து வரும் நடு வயரும் கறுத்துப் பிசுபிசுவென்று கிடக்கின்றன. வயரின் உண்மையான நிறம் என்ன என்றே தெரியவில்லை.

பனி பெய்யும் காலைகளில் கிளப்பினால் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் தடுமாறுகிறது. எஞ்சின் சூடானதும் தானாகச் சரியாகிவிடுகிறது. பிளக்குகள் புதியவை, கார்பரேட்டரும் சுத்தம் செய்தாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் போதும் என்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் பானெட்டைத் திறந்து பிரஷர் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டுக்குமே எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டா? இந்த அழுக்குதான் மிஸ்ஸிங்குக்குக் காரணமா?

டெல்டா ஓட்டுநர்

மேடம், பெட்ரோலே போதும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் நிமிடத்தில் பளிச்சென்று வந்துவிடும். எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்வார்கள். காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்

பெட்ரோல் வேண்டாம் அம்மா. மண்ணெண்ணெய், டீசல், தின்னர், கார்பரேட்டர் கிளீனர் எதுவும் வேண்டாம். மேலே சொன்ன தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். துடைத்த அன்றைக்கு வயர் பளபளப்பாகத்தான் தெரியும். ஆனால் பிளக் வயரின் மேல்தோலும் பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் மூடியும் பெட்ரோலியப் பொருட்களை உறிஞ்சி உப்பிவிடும். பிறகு காய்ந்து இறுகி, வளையும் இடங்களில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்த வெடிப்புகள் வழியாகத்தான் கரண்ட் வெளியே ஓடும். தீ ஆபத்து தனி. வெதுவெதுப்பான எஞ்சின் மேல் பெட்ரோல் ஆவி நிற்கும்போது எங்காவது ஒரு பொறி தட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொறி உண்டாக்குவதற்கென்றே இருக்கும் சாமானை அல்லவா துடைக்கிறோம்.

பிரஷர் தண்ணீரும் கூடாது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள்ளும் பிளக் மூடிக்குள்ளும் தண்ணீர் புகுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வாட்டர் சர்வீஸ் முடித்து வந்த வண்டி கிளம்பவில்லை என்று என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் கேப்பைக் கழற்றி உள்ளே துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பனியில் மிஸ்ஸிங், சூடானால் சரி என்றால் சந்தேகம் முதலில் இந்த வயர் மேல்தான் போக வேண்டும். சிபி பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சுவிட்ச்) உள்ள பழைய வண்டியிலும் காயிலிலிருந்து வருவது 15,000, 20,000 வோல்ட். அது எப்போதும் எளிதான வழியைத் தேடும். பிளக்கின் முனையில் காற்றும் பெட்ரோலும் அழுத்தத்தில் நெருங்கி இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்ட நல்ல வோல்டேஜ் வேண்டும். வயரின் மேல் ஈரம் படிந்த ஓர் அழுக்குப் படலம் இருந்தால், கரண்ட் பிளக்குக்குள் போகாமல் அந்தப் படலத்தின் மேலேயே ஊர்ந்து எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் எர்த் ஆகிவிடும். அந்த சிலிண்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் அந்தக் குறுக்கு வழி மூடிவிடும், மிஸ்ஸிங்கும் நின்றுவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் மட்டும் என்றால் கரண்டைக் கடத்தாது. எண்ணெய் பிடித்து வைத்திருக்கும் கார்பன் தூசி, இரும்புத் தூள், உப்பு, இவற்றோடு பனி ஈரம், இந்தக் கலவைதான் கடத்துகிறது. ஆகவே துடைப்பது அழகுக்காக அல்ல. அந்தப் படலத்தை எடுக்க வேண்டும், எடுக்கும்போது ரப்பர் கெடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பொருள் ஆகும், எது ஆகாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். இரவு முழுக்க நின்ற வண்டியாக இருக்கட்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியில் எர்த் கேபிளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு வசதி, பிளக்குகள் ஒரு பக்கம், சைலன்சர் மானிஃபோல்டும் கார்பரேட்டரும் மறுபக்கம். கை வைக்க நல்ல இடம் இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது அடையாளம் போடுவது. ரேடியேட்டர் பக்கத்தில் இருப்பது 1, முன் கண்ணாடிப் பக்கம் கடைசியில் இருப்பது 4. வெள்ளை டேப்பைச் சிறு துண்டாக வெட்டி எண் எழுதி, வயரின் இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுத்த வயர்கள் படத்தில் ஒன்றோடொன்று கலந்துதான் தெரியும். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. கேப்பை மேலிருந்து பார்த்தால், உள்ளே சுற்றிக் கரண்டைப் பங்கிடும் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வயர் மாறிவிட்டால் கார்பரேட்டரில் பட் பட்டென்று திருப்பி அடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனால் அந்தக் குழப்பமே வராது.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. மூடியைப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருகி, ஒட்டு விட்டதும் நேராக வெளியே எடுங்கள். வயரை இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சில பழைய லூகாஸ் வகைக் கேப்புகளில் வயர் பக்கவாட்டில் நுழையும். உள்பக்கம் ஒரு சிறு கூர்முனை ஸ்க்ரூ வயரைக் குத்திப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து இழுத்தால் வயர் பிய்ந்துதான் வரும். அப்படிப்பட்ட கேப் உங்களுடையதாக இருந்தால் அந்த முனையைக் கழற்றாமலேயே, இருந்த இடத்தில் வைத்துத் துடையுங்கள். மேல்பக்கமாக நுழையும் கேப் என்றால் கவலையில்லை, கையோடு வந்துவிடும்.

துடைக்கத் தேவை: வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு, நல்ல பனியன் வேஸ்ட். துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாத அளவுக்கு இறுகப் பிழிந்து, வயரை மடித்த துணிக்குள் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருவுங்கள். துணி கறுக்கக் கறுக்க மடிப்பை மாற்றிக்கொண்டே இருங்கள். வயரைத் தண்ணீரில் முக்க வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒன்றுக்கு இரண்டு தடவை உருவி எடுங்கள். சோப்பு எச்சம் தங்கிவிட்டால் அதுவே அடுத்த பனிக்கு ஈரம் பிடிக்கும். கடைசியாகக் காய்ந்த துணி. விடாப்பிடியான பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். மருந்துக் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையிலும் கிடைக்கும். அதுவும் எரியும் பொருள்தான், அதனால் துணியில் தொட்டு மட்டும், காற்றோட்டமான இடத்தில்.

மூடியின் உள்பக்கத்தைக் காதுக் குச்சியால் துடையுங்கள். முனையில் இருக்கும் பித்தளையில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். வயர் வெளியே இருக்கும்போதே பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் துடைத்துவிடுங்கள். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தாலும் இதே கதைதான். பிளக்கைக் கழற்றும் எண்ணம் இருந்தால், கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் நெல் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும்.

கேப்பின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் மட்டும் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்குப் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது அழுக்கல்ல. கரண்ட் எரித்த தடம். தேய்த்தாலும் போகாது, கேப்பைத்தான் மாற்ற வேண்டும். நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் பிரஷ் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

எல்லாம் நிழலில் காற்றாடக் காயட்டும். அவசரப்படாதீர்கள். மாட்டும்போது மூடியின் உள் ரப்பரில் சிலிக்கான் கிரீஸ் மிகக் கொஞ்சமாகத் தடவினால் ஈரம் புகாது, அடுத்த தடவை கழற்றவும் சுலபம். சாதாரணச் சக்கரக் கிரீஸ் வேண்டாம். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ டயர் பாலிஷோ போடுபவர்களும் உண்டு, அது தூசிக்கு நீங்களே பசை தடவுவது. மாட்டும்போது கிளிக்கென்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

அப்புறம், துடைக்கும்போதே வயரை விரல்களுக்கிடையில் வளைத்துப் பாருங்கள். மெதுவாக வளைந்தால் நல்ல வயர். குச்சியாக விறைத்திருந்தாலோ, வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்தாலோ துடைப்பதில் பயனில்லை, புது செட் வாங்குங்கள்.

எஸ்எஸ்80 பிரியன்

அண்ணா, நல்ல விளக்கம். என்னிடம் 1985 மாருதி இருக்கிறது, அதே தொல்லைதான். டபிள்யூடி 40 ஸ்பிரே அடித்துத் துடைப்பது சரியா? அது ஈரத்தை விரட்டும் என்கிறார்களே. வயர் நல்லதா கெட்டதா என்பதை மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்

தம்பி, மழையில் நனைந்து நடு ரோட்டில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுசேர்க்க அது உதவும். அது ஈரத்தை விரட்டுவதற்காகவே வந்த பொருள்தான். ஆனால் ஆவியானபின் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதில் தூசி ஒட்டும், சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். அதனால் அவசரத்துக்கு அடித்தாலும் வீடு வந்ததும் சோப்புத் துணியால் துடைத்துவிடுங்கள். அடிப்பதும் எஞ்சின் ஆறிய பிறகுதான்.

மீட்டர் விஷயம். வயரை இரண்டு முனையிலும் கழற்றி, கிலோ ஓமில் வைத்துப் பாருங்கள். கார்பன் இழை வயர் என்றால் நீளத்துக்கு ஏற்ப சில கிலோ ஓம் காட்டும். நீளமான வயர் அதிகமாகவும் குட்டை வயர் குறைவாகவும் காட்டுவது இயல்பு. செம்புக் கம்பி வயர் என்றால் வயர் மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். சப்ரஸர் (ரேடியோ இரைச்சலை அடக்கும் தடை) வைத்த மூடி இருந்தால் அதன் 5 கிலோ ஓம் போலச் சேர்ந்து வரும். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மண்டையை உடைக்க வேண்டாம். மற்ற வயர்களோடு ஒப்பிட்டு, எது கூட்டத்தில் சேராமல் நிற்கிறது என்று பாருங்கள். மீட்டர் மாட்டியபடியே வயரை வளைத்தும் லேசாக முறுக்கியும் பாருங்கள். எண் தாவித் தாவிப் போனால் உள்ளே இழை விட்டிருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் முழுதாக அறுந்துவிட்டது.

ஆனால் மீட்டர் உள்ளே இருக்கும் கம்பியைத்தான் சொல்லும். மேல்தோலில் ஓட்டை இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு இருட்டுதான் சோதனை. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பெட்ரோல் வாடை எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கசியும் இடத்தில் நீல நிறத்தில் மினுக்கும், சிட் சிட்டென்று சத்தமும் கேட்கும். இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் வயர் மேல் லேசாகப் பனிபோலத் தெளித்தால் பனிக்காலைக் கோளாறு அப்போதே வெளிப்படும். கை வைக்கக் கூடாது. அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது, எஞ்சின் ஓடும்வரை அது நிற்காது. துப்பட்டா, முந்தானை, தோள் துண்டு எதுவும் பக்கத்தில் தொங்கக் கூடாது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பட்டறைகளில் அடிக்கடி நடப்பது. எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் பிடுங்குவார்கள். செய்யாதீர்கள். ஷாக் அடிப்பது ஒரு பக்கம். போக வழியில்லாத கரண்ட் காயிலின் உள்ளேயோ கேப்பிலோ இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

டெல்டா ஓட்டுநர்

அண்ணே, சொன்னது புரிந்தது. எங்கள் ஸ்டாண்டு வண்டிகளில் வருடா வருடம் பிளக் மூடி வெடித்துப் போவது ஏன் என்று இப்போது தெரிகிறது. ஒரு சந்தேகம், செம்பு வயர் போட்டால் ஸ்பார்க் நன்றாக வருமே, எதற்குக் கார்பன் வயர்?

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்

சிபி பாயிண்ட் வண்டிக்கு இரண்டும் ஓடும் தம்பி. தடை இல்லாத செம்பு வயரில் ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ நிலையமாகி, வண்டி ரேடியோவில் கரகரவென்று கேட்கும். அதை அடக்கத்தான் கார்பன் இழையோ சப்ரஸர் மூடியோ. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டியில் தடையில்லாத வயர் போடவே கூடாது, அந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கூர்முனை ஸ்க்ரூ வைத்த பழைய கேப்புக்குச் செம்புக் கம்பி வயரும் சப்ரஸர் மூடியும்தான் பொருத்தம். கார்பன் இழையை ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது.

காவிரிக்கரை மார்க்4

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். அழுக்குக்கு அடியில் வயர் நீல நிறம்! கேப் மேல்பக்க வகைதான், உள்ளே கோடு எதுவும் இல்லை. மூன்று வயர்கள் நன்றாக வளைகின்றன, மீட்டரிலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்கள். 3 ஆவது வயர் மட்டும் மூடியின் கழுத்தில் விறைத்து, வளைத்தால் வெடிப்பு தெரிகிறது. ராத்திரி ஸ்பிரே தெளித்துப் பார்த்ததில் சரியாக அந்த இடத்திலிருந்து ஹெட்டுக்கு நீலமாகத் தாவியது. அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

3 ஐ மட்டும் மாற்றினால் போதுமா? எண்ணெய்க் கசிவை நிறுத்த டேப்பட் கவர் நட்டை இறுக்கிப் பார்க்கலாமா?

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. சொன்னதைச் செய்து, பார்த்ததை இவ்வளவு தெளிவாக எழுதுபவர்கள் இருந்தால் எங்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

வயரை செட்டாக மாற்றுங்கள், காயில் வயரையும் சேர்த்து. நான்கும் ஒரே சூட்டில், ஒரே எண்ணெயில் கிடந்தவை. 3 ஆவது முந்திக்கொண்டது, அவ்வளவுதான். நன்றாக இருக்கும் மூன்றில் நீளமான ஒன்றைத் துடைத்து, டிக்கியில் உதிரியாகப் போட்டு வையுங்கள், வழியில் உதவும். வாங்கும்போது பழைய வயரைக் கையோடு கொண்டுபோய் நீளம் பார்த்து வாங்குங்கள். நீளம் கூடினால் தொங்கி எங்காவது உரசும், குறைந்தால் மூடியில் விறைப்பாக இழுத்து நிற்கும். வயர்களைப் பிரித்து வைக்கும் கிளிப்புகள் இருந்தால் மறக்காமல் மாட்டுங்கள். வயர்களை ஒரே கட்டாக டேப் சுற்றிக் கட்ட வேண்டாம். பக்கத்து வயருக்குக் கரண்ட் தூண்டப்பட்டு, அடுத்து வெடிக்க வேண்டிய சிலிண்டர் முந்தி வெடிக்கும்.

டேப்பட் கவர் நட்டை இறுக்கிக் கசிவை நிறுத்த முடியாது, அதை மட்டும் செய்யாதீர்கள். மேலே இருக்கும் இரண்டே நட்டுதான் அந்தக் கவர் முழுவதையும் பிடித்திருக்கிறது. அதிகம் இறுக்கினால் தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கார்க் பேக்கிங் காய்ந்து நொறுங்கியிருக்கும், அதைப் புதிதாகப் போடுங்கள். நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் இறுகிப்போயிருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள். கவரைக் கழற்றியதும் விளிம்பைச் சமமான இடத்தில் கவிழ்த்து, ஆடுகிறதா என்று பாருங்கள். கவர் திறந்திருக்கும்போதே டேப்பட் இடைவெளியை (வால்வின் தலைக்கு மேல் விடும் சிறு இடைவெளி) பார்த்துவிடலாம், இந்த எஞ்சினுக்கு 0.015 அங்குலம். பேக்கிங் உட்கார்ந்த பின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, ரப்பர் கொஞ்சம் அமுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். சில நாள் ஓட்டிய பிறகு பிளக் பக்கம் விரலால் தடவிப் பார்த்து, எண்ணெய் ஒட்டவில்லை என்றால் புது வயரை அப்போது மாட்டிக்கொள்ளுங்கள். அதுவரை 3 ஆம் எண்ணில் அந்த நல்ல பழைய வயர்களில் ஒன்று எட்டினாலும் மாட்ட முடியாது, நான்கும் வேண்டுமே. ஆகவே பேக்கிங் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.